பதில் தெரிந்துகொண்டே கேட்கிறோமே, எதற்கு? வகுப்பறைக் கேள்விகள் பற்றி ஆசிரியர்கள் அடிக்கடி கேட்பவை

ஆறு முதல் எட்டு வரை அறிவியல் எடுக்கும் ஆசிரியை நான். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒரு முறை, பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் உயர்நிலைச் சிந்தனை வினாக்கள் பற்றிப் பேசப் போனேன். அன்றிலிருந்து சக ஆசிரியர்கள் பஸ்ஸிலும் போனிலும் சந்தேகம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்வதைவிட எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகள் அவர்களுடையவை.

உயர்நிலைச் சிந்தனை வினா என்றால் என்ன? ஒரே வரியில் சொல்லுங்கள்.

புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டாலும் பதிலை அப்படியே பார்த்து எழுத முடியாத கேள்வி.

ஒரு வரி போதாது என்றால் இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். எனக்கு இந்த விஷயத்தைப் புரியவைத்தது பி.எட். புத்தகம் இல்லை, பத்தாம் வகுப்புத் தமிழில் வரும் நன்னூல். 'அறிவு அறியாமை ஐயுறல் கொளல் கொடை ஏவல் தரும்வினா ஆறும் இழுக்கார்' என்று பவணந்தியார் கேள்விகளை ஆறாகப் பிரிக்கிறார். பதிலைத் தெரிந்துகொண்டே கேட்பது அறிவினா. தெரியாமல் கேட்பது அறியாவினா. இதுவா அதுவா என்று கேட்பது ஐயவினா. மளிகைக் கடையில் 'பருப்பு இருக்கிறதா?' என்பது கொளல் வினா. அறிவினாவுக்கு எடுத்துக்காட்டு சொல்லும்போது ஆசிரியர் மாணவரிடம் கேட்பதைத்தான் வழக்கமாகக் காட்டுவார்கள். யோசித்துப் பாருங்கள், வகுப்பறைக்கு வெளியே பதில் தெரிந்த கேள்வியை வேறு யார் கேட்கிறார்கள்? போலீஸ்காரர், குறுக்கு விசாரணை செய்யும் வக்கீல், அப்புறம் நாம்.

பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும். டீச்சர் மனதில் ஒரு பதில் இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. அதனால்தான் பதிலைச் சொல்லிக்கொண்டே நம் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் சொல்லும் நல்ல கேள்வி, ஆசிரியருக்கும் அறியாவினாவாக இருக்கும் கேள்வி. பாடத்தில் உள்ள பதில் எனக்குத் தெரியலாம். இந்தப் பிள்ளை அதைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு நிஜமாகவே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

புளூம் சொன்ன ஆறு படிகளையும் வரிசையாக ஏற வேண்டுமா?

வேண்டியதில்லை. பெஞ்சமின் புளூம் தலைமையில் அமெரிக்கக் கல்வியாளர்கள் 1956-இல் வெளியிட்ட, சிந்தனைத் திறன்களை ஆறு படிகளாக அடுக்கும் வகைப்பாடு அது. 2001-இல் ஆண்டர்சனும் கிராத்வோலும் திருத்தியபோது நினைவுகூர்தல், புரிந்துகொள்ளுதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், படைத்தல் என்று மாறியது. (சிந்தனையின் படிநிலைகளை மனப்பாடம் செய்து எழுதித்தான் நாம் எல்லோரும் பி.எட். தேறினோம். அது வேறு கதை.)

நான் அதை ஏணியாகப் பார்ப்பதில்லை, சமையலறை அஞ்சறைப் பெட்டி மாதிரி பார்க்கிறேன். எந்தப் பாடத்துக்கு எது வேண்டுமோ அதை எடுக்கலாம். சில பாடங்களை மேல்படியிலிருந்தே தொடங்கலாம். பாடத்தைத் திறக்கும் முன்பே 'நம் ஊர் ஏரியில் மண் அள்ளுவது நல்லதா கெட்டதா?' என்று கேட்டுவிட்டால், அந்தச் சண்டையைத் தீர்க்கவே பிள்ளைகள் பாடத்தைப் படிப்பார்கள்.

வினைச்சொல்லைப் பார்த்து மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். 'பகுத்தாய்க' என்று வினாத்தாளில் போட்டுவிட்டால் அது பகுத்தாயும் கேள்வி ஆகிவிடாது. பதில் கைடில் ஐந்து பாயிண்டாக இருந்தால், அது நினைவுகூர்தல்தான்.

அப்படியானால் 'ஏன்' என்று தொடங்கும் கேள்விகள்?

அதே கதைதான். 'மழைநீர் சேகரிப்பு ஏன் அவசியம்?' என்பது ஏன் கேள்விதான். ஆனால் எந்தக் குழந்தையும் யோசித்து இதற்குப் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை. 'நிலத்தடி நீர்மட்டம் உயரும்' என்று ஒப்பிக்கும். 'நம் பள்ளிக்கூட மொட்டை மாடியில் ஒரு மழைக்கு எத்தனை குடம் தண்ணீர் விழும்?' என்று கேளுங்கள். மாடியை அளக்க வேண்டும், மழையின் அளவைத் தேட வேண்டும், குடத்தின் கொள்ளளவு வேண்டும். 100 சதுர மீட்டர் மாடியில் 10 மில்லிமீட்டர் மழை என்றால் 1,000 லிட்டர். பதினைந்து லிட்டர் குடத்தில் அறுபத்தாறு குடம் நிரம்பி இன்னும் கொஞ்சம் மிஞ்சும். கணக்கு வந்து நின்றவுடன், அவ்வளவும் சாக்கடையில் போகிறதே என்று அவர்களே சொல்கிறார்கள். இந்தக் கேள்வியில் 'ஏன்' என்ற சொல்லே இல்லை.

மனப்பாட வினாக்களை விட்டுவிடலாமா?

கூடவே கூடாது. வாய்ப்பாடு தெரியாத பிள்ளை பின்னத்தில் என்ன சிந்திக்கும்? தகவல் தலையில் இல்லாமல் சிந்திக்கச் சொல்வது, மாவில்லாமல் தோசை சுடச் சொல்வது. நம் வகுப்புகளில் இருக்கும் குறை வேறு: மாவை அரைத்து அரைத்து வைத்துவிட்டு, அடுப்பைப் பற்றவைக்காமலே மணி அடித்துவிடுகிறது. பாடம் தொடங்கும்போது ஐந்து நிமிடம் சடசடவென்று நினைவு வினாக்கள் கேளுங்கள். அதற்கு நான் எதிரி இல்லை.

பாடப்புத்தகத்தில் உள்ள கேள்வியையே மாற்றிக் கேட்பது எப்படி?

இதுதான் அதிகம் பேர் கேட்பது. புதிதாகக் கேள்வி கண்டுபிடிக்க நேரம் இருக்காது. புக்பேக் கேள்வியைத் திருப்பிப் போடுவதே எளிது. நானும் சக ஆசிரியர்களும் வகுப்பில் பயன்படுத்தியவற்றைச் சொல்கிறேன்.

ஒளிச்சேர்க்கை. 'ஒளிச்சேர்க்கை என்றால் என்ன?' என்பது புத்தகக் கேள்வி. நான் ஒரு வேப்பங்கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியே வேப்பமரத்தைக் காட்டி, 'இது அதுவாக ஆகிவிட்டது. அவ்வளவு எடையும் எங்கிருந்து வந்தது?' என்று கேட்பேன். கிட்டத்தட்ட எல்லோரும் மண் என்பார்கள். சிலர் உரம், தண்ணீர். 'மண்ணிலிருந்து வந்தது என்றால் மரத்தடியில் பள்ளம் விழுந்திருக்க வேண்டுமே?' என்று கேட்டால் வகுப்பு ஒரு நிமிடம் நிற்கும். அப்போதுதான் வான் ஹெல்மான்ட் கதையைச் சொல்வேன். இன்றைய பெல்ஜியத்தில் வாழ்ந்தவர். ஒரு தொட்டியில் சுமார் 90 கிலோ உலர்ந்த மண்ணை நிறுத்துப் போட்டு, இரண்டேகால் கிலோ வில்லோ கன்றை நட்டு, ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 77 கிலோ அளவுக்கு வந்தது. மண்ணில் குறைந்தது 60 கிராம்கூட இல்லை. அப்படியானால் எடை முழுவதும் தண்ணீர்தான் என்று முடிவு கட்டினார். அவர் இறந்தபின் 1648-இல் அது அச்சில் வந்தது. 'அவர் சோதனை சரியா? முடிவு சரியா? எதைக் கணக்கில் எடுக்காமல் விட்டார்?' இந்த மூன்று கேள்விகளில் ஒரு பீரியட் போய்விடும். காற்று என்று எந்தப் பிள்ளையாவது சொல்லும்போது மற்றவர்கள் சிரிப்பார்கள். காற்றுக்கு ஏது எடை? அங்கிருந்து கார்பன் டை ஆக்சைடுக்குப் போக ரொம்ப தூரம் இல்லை. இதற்கப்புறம் ஒளிச்சேர்க்கையின் வரையறையைப் படிக்க வைத்தால், அது அவர்கள் கேட்ட கேள்விக்குப் பதிலாக இருக்கும்.

கணக்கு. '6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம் உள்ள செவ்வகத்தின் பரப்பளவு என்ன?' சூத்திரத்தில் போட்டால் முடிந்தது. அதையே, '24 மீட்டர் வலை இருக்கிறது. ஆட்டுக்குப் பட்டி கட்ட வேண்டும், செவ்வகமாக. எப்படிக் கட்டினால் அதிக ஆடு அடையும்?' என்று கேட்டால்? முழு எண்களில் ஆறு விதமாகக் கட்டலாம்: 11×1, 10×2, 9×3, 8×4, 7×5, 6×6. பரப்பளவு 11-இல் தொடங்கி 20, 27, 32, 35, 36 என்று ஏறும். பிள்ளைகள் சூத்திரத்தை ஆறு தடவை பயிற்சி செய்துவிடுகிறார்கள், நாம் பயிற்சி என்று சொல்லாமலே. 'ஒரு பக்கம் வீட்டுச் சுவர் இருக்கிறது, அந்தப் பக்கம் வலை தேவையில்லை' என்று சொன்னால் எல்லாம் மாறிவிடும். சதுரம்தான் பெரியது என்று எழுதிவைத்தவர்கள் திகைப்பார்கள். சுவரை ஒட்டி 12 மீட்டர், பக்கவாட்டில் 6, 6. மொத்தம் 72 சதுர மீட்டர். சதுரமாகக் கட்டியிருந்தால் 64தான். ஆடு வளர்க்கும் வீட்டுப் பையன் ஒருவன், வகுப்பில் அதிகம் பேசாதவன், 'யாரு டீச்சர் நடுக்காட்டுல பட்டி கட்டுவாங்க? செவுத்த ஒட்டித்தான் கட்டுவோம்' என்றான். கணக்கு ஆசிரியர் லீவு போட்ட நாளில் நான் எடுத்த வகுப்பு அது.

சமூக அறிவியல். 'வேலூர் புரட்சி எப்போது நடந்தது? காரணங்கள் யாவை?' 1806 ஜூலை 10. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் இந்தியச் சிப்பாய்களுக்குப் புதிய தலைப்பாகை, அதில் தோல் பட்டை, நெற்றியில் சமயச் சின்னம் கூடாது, தாடி கூடாது. கோட்டைக்குள் திப்பு சுல்தானின் குடும்பம் காவலில் இருந்தது. இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. எங்கள் சமூக அறிவியல் ஆசிரியை இந்தத் தகவல்களைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: 'இதில் ஒரே ஒரு காரணத்தை அழித்தால் புரட்சி நடந்திருக்காது என்றால், எதை அழிப்பீர்கள்?' வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. தலைப்பாகை கட்சி, திப்பு கட்சி. பிறகு இன்னொரு தகவலைக் கொடுத்தார். புரட்சி அடக்கப்பட்டபின் கம்பெனி சென்னை ஆளுநர் வில்லியம் பெண்டிங்கையும் தளபதி ஜான் கிரடாக்கையும் திரும்ப அழைத்துக்கொண்டது. திப்புவின் குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பியது. 'அப்படியென்றால் கம்பெனி எது காரணம் என்று நினைத்தது?' இரண்டு கட்சிக்கும் சான்று கிடைத்துவிட்டது. தீர்ப்பு எதுவும் சொல்லாமல் மணி அடித்ததும் போய்விட்டார். பிள்ளைகள் மதியச் சாப்பாட்டு வரிசையிலும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

தமிழ். குறளுக்குப் பொருள் எழுதச் சொல்வது வழக்கம். அதற்குப் பதில் இரண்டு குறளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போடுங்கள். 'ஊழிற் பெருவலி யாவுள' என்பது 380. விதியைவிட வலியது ஏது என்கிறார். 'ஊழையும் உப்பக்கம் காண்பர்' என்பது 620. விடாமல் உழைப்பவர் விதியையும் புறமுதுகு காட்டச் செய்வார் என்கிறார். 'ஒரே ஆள்தானே எழுதினார்? எதை நம்புவது?' எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பதில்கள் உரையாசிரியர்களுக்குச் சளைத்தவை அல்ல.

இவற்றில் பொதுவாக நான் பார்ப்பது இதுதான்: தகவலைக் கேட்காமல் கொடுத்துவிடுகிறோம். கொடுத்துவிட்டு, அதை வைத்து ஒரு முடிவுக்கு வரச் சொல்கிறோம்.

கேள்வி கேட்டால் வகுப்பே மௌனமாக இருக்கிறது. நானே பதில் சொல்ல வேண்டியதாகிவிடுகிறது.

எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்? கோபித்துக்கொள்ளாதீர்கள், நிஜமாகவே கேட்கிறேன். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் வகுப்புகளை டேப்பில் பதிவு செய்து அளந்து பார்த்து, 1974-இல் எழுதினார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக ஒரு வினாடி. அதற்குள் பதில் வரவில்லை என்றால் அடுத்த பிள்ளை, அல்லது ஆசிரியரே பதில். அந்த ஒன்றை மூன்றாக்கியபோது பதில்கள் நீண்டன, 'தெரியாது' குறைந்தது, பேசாத பிள்ளைகள் பேசின, பிள்ளைகள் தாங்களே கேள்வி கேட்பதும் கூடியது.

மூன்று வினாடி என்பது கேட்கச் சின்னது. வகுப்பு முன்னால் நிற்கும்போது மூன்று நிமிடம் போல இருக்கும். நான் கேள்வியைப் போட்டுவிட்டு மனதுக்குள் 'அகர முதல எழுத்தெல்லாம்' குறளை முழுவதும் சொல்லி முடிப்பேன். நான்கைந்து வினாடி ஆகும். கேள்வி கனமானதாக இருந்தால் இரண்டாவது குறளும்.

ரோ இன்னொரு இடைவெளியையும் சொன்னார். பிள்ளை பதில் சொல்லி முடித்த பிறகும் காத்திருப்பது. இதை நாம் சுத்தமாக விட்டுவிடுகிறோம். பிள்ளை வாயை மூடுமுன் 'வெரிகுட்' என்கிறோம். கொஞ்சம் பொறுத்தால் அதே பிள்ளை 'ஆனா...' என்று இன்னொரு வாக்கியத்தைத் தொடங்கும். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் வருவதுதான் எனக்கு வேண்டியது.

எப்போதும் அதே நான்கு பேர்தான் கை தூக்குகிறார்கள்.

கை தூக்குவதையே சில நாள் நிறுத்திப் பாருங்கள். வருகைப் பதிவேட்டு எண்களைத் துண்டுச் சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். வரிசை முக்கியம்: முதலில் கேள்வி, பிறகு மௌனம், அப்புறம்தான் சீட்டு. எண்ணை முதலில் சொல்லிவிட்டால் மற்ற நாற்பத்திரண்டு பேரும் நிம்மதியாக ஜன்னலைப் பார்ப்பார்கள்.

சீட்டு பயமுறுத்தாமல் இருக்க, எடுக்கும் முன் ஒரு நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு பேசவிடுங்கள். யோசி, ஜோடியாகப் பேசு, எல்லோருக்கும் சொல் என்ற இந்த முறையை 1981-இல் பிராங்க் லைமன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் எழுதினார். பெஞ்சை நகர்த்த வேண்டாம், செலவும் இல்லை. 'நீ என்ன நினைக்கிறாய்?' என்பதற்குப் பதில் 'நீங்கள் இருவரும் என்ன பேசினீர்கள்?' என்று கேட்கலாம். தப்பாக இருந்தாலும் பழி பாதிதான்.

தவறான பதில் வந்தால் என்ன செய்வது? உடனே திருத்த வேண்டாமா?

திருத்த வேண்டும், ஆனால் நாம் திருத்த வேண்டும் என்பதில்லை. பிறை ஏன் வருகிறது என்று கேட்டால் 'பூமியோட நிழல் நிலா மேல விழுது' என்று எல்லா வருடமும் யாராவது சொல்வார்கள். பெரியவர்களிலும் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். முன்பெல்லாம் 'அது கிரகணம், உட்கார்' என்பேன். இப்போது, 'சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். சில நாள் காலையில் பள்ளிக்கூடம் வரும்போது மேற்கே அரை நிலா தெரியுமே, பார்த்திருக்கிறீர்களா? அப்போது சூரியன் எங்கே இருக்கும்? பூமியின் நிழல் எந்தப் பக்கம் விழும்?' என்பேன். சூரியனும் வானத்தில், நிலாவும் வானத்தில். நிழலோ சூரியனுக்கு நேர் எதிரே, நம் காலுக்குக் கீழே. சொன்ன பையனே தலையைச் சொறிந்துகொண்டு, 'அப்ப நெழலா இருக்க முடியாது' என்றான். ஒரு டார்ச்சும் ரப்பர் பந்தும் போதும் மிச்சத்துக்கு.

சரியான பதிலுக்கும் 'எப்படிச் சொல்கிறாய்?' என்று கேட்டுப் பழகுங்கள். தப்பான பதிலுக்கு மட்டும் கேட்டால், அந்தக் கேள்வியைக் கேட்டவுடனேயே பிள்ளைகள் பதிலை மாற்றிவிடுவார்கள்.

மெல்லக் கற்போருக்கு இதெல்லாம் எட்டுமா?

இந்தக் கேள்வி வரும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். முன்பு சொன்ன அதே ஆய்வில் ரோ கண்ட இன்னொன்று: ஆசிரியர்கள் கெட்டிக்காரர்கள் என்று நினைத்த பிள்ளைகளுக்கு அதிக நேரம் காத்திருந்தார்கள், மந்தம் என்று நினைத்தவர்களுக்குக் குறைவாக. நேரம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குக் குறைவு. நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஒரு வருடம் முழுக்க ஒரு பையனிடம் 'பெயர் சொல்', 'படி' என்பதைத் தாண்டி வேறு எதுவும் கேட்கவில்லை என்பது அவன் பள்ளியை விட்டுப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

எழுதப் படிக்கத் தடுமாறும் பிள்ளை யோசிக்கத் தடுமாறும் என்று அர்த்தமில்லை. இரண்டாம் வகுப்பில் ஒரு நாள் 'ஆடு, மாடு, கோழி, நாய். இதில் எது சேராது?' என்று கேட்டேன். கோழி, இரண்டு கால் என்றார்கள். கோழி, முட்டை போடும் என்றார்கள். மாடு, அதுதான் வண்டி இழுக்கும் என்றார்கள். இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாத ஒரு சிறுமி, 'நாய்தான். அத மட்டும் விக்க மாட்டோம்' என்றாள். நான்கில் எதைச் சொன்னாலும் காரணம் இருந்தால் சரி என்கிற மாதிரியான கேள்விகள் இந்த வகுப்புகளுக்குப் பொருந்தும். எழுதச் சொல்லாமல் பேசச் சொல்லுங்கள், படம் வரையச் சொல்லுங்கள்.

ஆங்கில வழி வகுப்பில் பிள்ளைகள் தமிழில் பதில் சொல்கிறார்கள். விடலாமா?

விடுங்கள். யோசிக்கும்போது தமிழ், எழுதும்போது ஆங்கிலம். தெரியாத மொழியில் யோசிக்கச் சொன்னால் கைடில் உள்ள வாக்கியம்தான் வரும்.

நாற்பது நிமிட பீரியட், நாற்பத்தைந்து பிள்ளைகள், போர்ஷன் முடிக்க வேண்டும். எங்கே நேரம்?

எல்லாப் பீரியடிலும் வேண்டாம். வாரத்துக்கு இரண்டு நல்ல கேள்வி போதும் என்பது என் கணக்கு. அதை முந்தின நாளே பாடக்குறிப்பின் ஓரத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் நின்றுகொண்டு திடீரென்று யோசித்தால் நம் வாயில் வருவது 'புரிஞ்சுதா?' மட்டும்தான். உலகிலேயே அதிகம் கேட்கப்படும், ஆனால் ஒரு தகவலும் தராத கேள்வி அது. நாற்பத்தைந்து பேரும் ராகத்தோடு 'புரிஞ்சுது டீச்சர்' என்பார்கள்.

நான் எத்தனை தடவை அதைக் கேட்கிறேன் என்று பார்க்க ஒரு நாள் போனில் குரல் பதிவைப் போட்டு மேசையில் வைத்தேன். ஒரு பீரியடில் பதினேழு தடவை. வேறு யாருக்கும் போட்டுக் காட்டவில்லை.

பொதுத்தேர்வில் மார்க் குறைந்துவிடாதா?

புக்பேக் மட்டும் படித்துப் போனால் போதும் என்ற காலம் கழிந்துகொண்டிருக்கிறது. பாடத்தின் உள்ளிருந்து கேட்கிறார்கள், பிள்ளைகள் வெளியே வந்து 'எல்லாம் கிரியேட்டிவா கேட்டுட்டாங்க' என்று அழுகிறார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வில் 90 வினா மனத்திறன், 90 வினா பாடம். தேர்வாகிறவர்களுக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய். கூலி வேலைக்குப் போகும் வீடுகளில் அது சின்னத் தொகை இல்லை. மனத்திறன் பகுதியை மனப்பாடம் செய்ய முடியாது.

ஆனாலும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பில் டிசம்பருக்குப் பிறகு நானாக இருந்தாலும் ரிவிஷன்தான் நடத்துவேன். இதற்கான இடம் ஆறு, ஏழு, எட்டு.

வகுப்பு ஒரே சத்தமாக இருக்கிறது என்று ஹெச்.எம். சொல்கிறார்.

ஒரு நாள் உள்ளே வந்து உட்காரச் சொல்லுங்கள். சீட்டு எடுக்கும் வேலையை அவரிடமே கொடுங்கள். எங்கள் பள்ளியில் அது வேலை செய்தது.

எனக்கே பதில் தெரியாத கேள்வியைப் பிள்ளைகள் கேட்டுவிட்டால்?

இளம் ஆசிரியர்கள் தயங்கித் தயங்கிக் கடைசியில் கேட்பது இதைத்தான். இந்தப் பயத்தால்தான் பலர் திறந்த கேள்விகளைத் தொடுவதே இல்லை. கதவைத் திறந்தால் என்ன உள்ளே வரும் என்று தெரியாதல்லவா.

நான் கரும்பலகையின் வலது மூலையில் ஒரு கட்டம் போட்டு, தெரியாத கேள்விகளை அதில் எழுதுவேன். யாரும் அதை அழிக்கக் கூடாது. 'நாளைக்குச் சொல்கிறேன்' என்று சொல்வதில்லை. 'நாளைக்குப் பார்ப்போம்' என்றுதான் சொல்வேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

ஊர்வன பாடம் நடந்தபோது ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: 'பாம்புக்கு இமை இல்லன்னு போட்டிருக்கே டீச்சர், தரையிலயே போகுதே, கண்ணுல மண்ணு விழுந்தா என்ன செய்யும்?' எனக்குத் தெரியவில்லை. மூலையில் எழுதினேன். கண்ணீர் விடும், நாக்கால் நக்கும், தண்ணீரில் முங்கும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எல்லாவற்றையும் கேள்விக்குக் கீழே எழுதிவைத்தோம்.

இரண்டு நாள் கழித்து, பின் பெஞ்சுப் பையன் ஒருவன் செய்தித்தாளில் சுற்றி ஒரு பாம்புச் சட்டையைக் கொண்டுவந்தான். வைக்கோல் போருக்குப் பின்னால் கிடைத்ததாம். மேசையில் விரித்து, தலைப்பகுதியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். கண் இருந்த இடத்தில் ஓட்டை இல்லை. கைக்கடிகாரக் கண்ணாடி மாதிரி இரண்டு சின்ன வட்டங்கள், சட்டையோடு சட்டையாக ஒட்டியிருந்தன. கண்ணுக்கு மேலேயே ஒளி ஊடுருவும் செதில் ஒன்று மூடியிருக்கிறது, தோல் உரியும்போது அதுவும் சேர்ந்து உரிகிறது. மண் கண்ணில் விழாது, கண்ணாடியில்தான் விழும்.

கேட்ட பெண் சட்டையை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். 'அப்ப உரிக்கிறதுக்கு முந்தி, பழைய கண்ணாடி அழுக்காயிருக்கும்ல? அப்ப அதுக்குக் கண்ணு சரியாத் தெரியாதா?'

முதல் கேள்வியை அழித்துவிட்டு, அதே கட்டத்தில் இதை எழுதினேன்.